தீப்பொறியின் தருணமும் காற்றின் உஷ்ணமும்

1908ஆம் வருஷம் முதல் 1927ஆம் வருஷம் வரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தி செய்யப்பட்டு, சாமானிய மனிதனும் மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரனாகலாம் என்ற நிலையை அமெரிக்காவில் உண்டாக்கிய ஃபோர்டு மாடல் டி காரில், ஸ்டியரிங் சக்கரத்துக்குச் சற்றுக் கீழே, வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு சிறிய கைப்பிடிகள் இருந்தன. வலப்புறத்துக் கைப்பிடி எஞ்சினுக்குள் செல்லும் கலவையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவியது. இக்காலத்தில் ஆக்ஸிலரேட்டர் செய்கிற வேலை அது. இடப்புறத்துக் கைப்பிடியோ, சிலிண்டருக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் எழவேண்டும் என்பதை நிர்ணயித்தது. வண்டியைக் கிளப்புவதற்காகக் கிராங்க் கம்பியைப் பிடிக்கும் முன்பு, இந்த இடக் கைப்பிடியை முழுவதும் மேலே தள்ளி, பொறியைத் தாமதப்படுத்திவிட வேண்டும். மறந்துபோனால், பிஸ்டன் உச்சிக்கு ஏறிவரும்போதே கலவை தீப்பற்றி, அதை வந்த வழியே கீழே உதைத்துத் தள்ளும். அந்த உதை கிராங்க் கம்பியின் வழியாகச் சுற்றுகிறவனுடைய மணிக்கட்டுக்கு வந்து சேரும். அக்காலத்தில் இவ்விதம் கை முறிந்தவர்கள் மிகப் பலர். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னர் கைப்பிடியைக் கீழே இறக்கிப் பொறியை முந்தச் செய்வதும், மேட்டில் ஏறும்போது எஞ்சினிலிருந்து உலோகத்தை உலோகத்தால் தட்டுவது போன்ற ஓசை கேட்டால் உடனே சற்று மேலே தள்ளி அதை அடக்குவதும், நல்ல ஓட்டுநரின் செவிக்கும் கைக்கும் பழகிய காரியங்களாக இருந்தன.

அந்தக் கைப்பிடி இன்று எந்த வண்டியிலும் இல்லை. அது செய்த வேலை மறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமல்ல. மனிதனுடைய கையிலிருந்து அந்த வேலை முதலில் சுருள்வில்களுக்கும் ரப்பர்த் தகடுகளுக்கும் போய், பின்னர் ஒரு சிறு கம்ப்யூட்டரை அடைந்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொறியையும் விடுவதற்கு முன்னால், எஞ்சின் எத்தனை வேகத்தில் சுழல்கிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு, உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி உஷ்ணத்தில் இருக்கிறது என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கிறது. முதல் இரண்டு கேள்விகளின் அவசியம் எளிதில் விளங்குவது. ஆயிரக்கணக்கான டிகிரி உஷ்ணத்தில் தீ எரியப்போகிற ஓர் அறைக்குள் நுழையும் காற்று, முப்பது டிகிரியில் இருந்தால் என்ன, அறுபது டிகிரியில் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த முப்பது டிகிரி வித்தியாசத்தில்தான் பிஸ்டனின் ஆயுள் அடங்கியிருக்கிறது என்பதையே இங்கே விளக்க முற்படுகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் கலவை வெடிக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். எஞ்சின் ஒழுங்காக ஓடுகிற வரையில் அங்கே வெடிப்பு நிகழ்வதில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனையில் தோன்றிய சுடர், சிறு உருண்டையாகப் பிறந்து, நாற்புறமும் விரிந்து, சிலிண்டர்ச் சுவர் வரை பரவி ஓய்கிறது. இதற்கு அவகாசம் வேண்டும். கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் வினாடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. சுடர் பரவி முடிய ஆயிரத்தில் இரண்டு மூன்று வினாடிகள் ஆகுமானால், அதற்குள் கிராங்க் தண்டு நாற்பது ஐம்பது பாகை திரும்பிவிடும். ஆகையால், பிஸ்டன் உச்சியை அடைந்த பிறகு பொறி விட்டால், தீ முழு வலிமை பெறுவதற்குள் பிஸ்டன் கணிசமான தூரம் இறங்கிப் போயிருக்கும். விரிந்துபோன இடத்தில் எரியும் தீயின் சக்தியில் பெரும்பகுதி, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல், சைலன்சர் வழியே வெப்பமாக வெளியேறும். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குப் பத்து, இருபது, சில வேளை முப்பது பாகைக்கு முன்னதாகவே பொறி விடப்படுவதன் காரணம் இதுவே. அப்படி முந்திவிட்டதன் பயனாக, அமுக்கம் தன் உச்ச அளவை, பிஸ்டன் திரும்பி இறங்கத் தொடங்கிச் சுமார் பதினைந்து பாகை கடந்தபோது அடையுமானால், எஞ்சினிடமிருந்து பெறக்கூடிய வேலை முழுவதையும் பெற்றுவிடலாம்.

இவ்விடத்தில் வழியை விட்டுச் சற்று விலகி ஓர் அழகிய பரிசோதனையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவிக் கலவையில் சுடர் பரவும் வேகம் வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவானது. அந்த வேகத்தில் எரிந்தால் எந்த மோட்டார் எஞ்சினும் ஓட முடியாது. 1912ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்துக்காரரான டுகால்டு கிளார்க் என்ற எஞ்சினியர், ஓர் எஞ்சினுக்குள் கலவையை அடைத்து, பொறி விடாமலே சில சுற்றுகள் சுழலவிட்டு, உள்ளே நுழையும்போது அதற்கு இருந்த கொந்தளிப்பு அடங்கிய பிறகு பற்றவைத்துப் பார்த்தார். எரியும் வேகம் வெகுவாகக் குறைந்துபோயிற்று. வால்வின் இடுக்கு வழியே சீறி நுழையும் கலவையின் சுழற்சியே சுடரைக் கிழித்துப் பரப்பி, அதன் வேகத்தைப் பல மடங்காக்குகிறது என்பது இதனால் பிரத்தியட்சமாயிற்று. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழலக் கொந்தளிப்பும் மிகுந்து சுடரும் வேகமாக ஓடுவதால்தான், 6000 சுற்றில்கூட ஏறக்குறைய அதே பாகைகளுக்குள் தீ எரிந்து முடிகிறது. இயற்கை தானாகவே அளித்த இந்தச் சலுகை இல்லாவிட்டால் மோட்டார் யுகமே உதயமாகியிருக்காது.

பொறி முந்தினால் நன்மை என்றால், இன்னும் முந்தவிட்டால் என்ன? அப்போதுதான் மாடல் டி ஓட்டுநர் கேட்ட அந்தத் தட்டல் ஓசை எழுகிறது. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். காடிலாக் கார்களுக்கு 1912ஆம் வருஷத்தில் மின்சார ஸ்டார்ட்டரையும் பாட்டரி இக்னிஷனையும் அமைத்துக் கொடுத்த சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர், தட்டல் ஓசைக்குத் தம்முடைய இக்னிஷன் முறையே காரணம் என்று பழி சுமத்தப்பட்டார். அந்தப் பழியைத் துடைப்பதற்காக அவர் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவில், அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921ஆம் வருஷம் டிசம்பரில், ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சிறிதளவு பெட்ரோலில் சேர்த்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். அந்த ஈயத்தின் நஞ்சை உலகம் பல தசாப்தங்கள் சுவாசிக்க நேர்ந்தது தனியே சொல்லவேண்டிய ஒரு துயரக் கதை. அதே காலத்தில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் பெர்ட்ராம் ஹாப்கின்ஸனிடம் பயின்ற ஹாரி ரிக்கார்டோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றத்தக்க ஓர் எஞ்சினை 1919ஆம் வருஷம் அமைத்து, பெட்ரோல் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார்.

அவர்கள் எல்லோருடைய உழைப்பாலும் தெளிவான உண்மை இது. சுடர் பிளக்கிலிருந்து புறப்பட்டுப் பரவும்போது, ஏற்கெனவே எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாத கலவையைச் சிலிண்டரின் கோடிக்கு நெருக்கித் தள்ளுகிறது. பிஸ்டனால் ஒரு முறை அமுக்கப்பட்ட அந்தக் கடைசிப் பங்கு, சுடரால் மறுமுறை அமுக்கப்படுகிறது. இரண்டு அமுக்கத்தாலும் சூடேறி, சுடர் தன்னிடம் வந்து சேரும் வரையில் காத்திருக்கப் பொறுக்காமல், தானாகவே ஒரே கணத்தில் முழுவதும் பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அமுக்க அலை சிலிண்டருக்குள் இங்குமங்கும் மோதி, வினாடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் அதிர்வுகள் கொண்ட ஓசையாக வெளிவருகிறது. பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டியிருந்து அதைக் காத்துவந்த மெல்லிய வாயுப் படலத்தை இந்த அலை துடைத்தெறிந்துவிடுவதால், தீயின் வெப்பம் நேரே உலோகத்தைத் தாக்கும். எப்போதோ ஓரிரு முறை தட்டுவதால் கேடில்லை. பாரம் இழுக்கும்போது விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும், வளையங்கள் முறியும், கடைசியில் பிஸ்டனின் தலையில் துளை விழும்.

சுடர் முதலில் போய்ச் சேருமா, கடைசிப் பங்கு அதற்குள் தானாகப் பற்றிக்கொள்ளுமா என்ற இந்தப் போட்டியில் உள்ளே வரும் காற்றின் உஷ்ணம் எங்ஙனம் குறுக்கிடுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பவர்கள் எல்லோரும் பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கைதொட்டு அறிந்திருப்பார்கள். அமுக்கப்பட்ட காற்று சூடேறும் என்ற விதிக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சூடு ஆரம்ப உஷ்ணத்தோடு கூட்டப்படுவதில்லை, அதனால் பெருக்கப்படுகிறது என்பதே இங்கே கவனிக்கத்தக்க சூட்சுமம். பத்துக்கு ஒன்றாக அமுக்கும் எஞ்சினில், காற்றின் ஆரம்ப உஷ்ணநிலை, கெல்வின் அளவையில், ஏறக்குறைய 2.14 மடங்காகிறது. சுவர்களிலிருந்து ஏறும் சூட்டையும் முந்தைய சுற்றில் எஞ்சிய புகையின் சூட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், 27 டிகிரி செல்ஸியஸில், அதாவது 300 கெல்வினில் நுழைந்த காற்று, உச்சியில் சுமார் 640 கெல்வினாகிறது. 57 டிகிரியில், அதாவது 330 கெல்வினில் நுழைந்த காற்றோ 705 கெல்வினாகிறது. வாசலில் 30 டிகிரியாக இருந்த வித்தியாசம் உள்ளே 64 டிகிரியாக வளர்ந்துவிட்டது. இதன்மேல் சுடரின் அமுக்கமும் சேரும்போது, கடைசிப் பங்கின் உஷ்ணநிலை முதல் நிலையில் சுமார் 800 கெல்வினையும், இரண்டாவதில் 880 கெல்வினையும் நெருங்கும் என்று கொள்ளலாம்.

இந்த வித்தியாசமும் இத்தோடு நிற்பதில்லை. ஒரு கலவை தானாகப் பற்றிக்கொள்வதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசம், உஷ்ணம் ஏற ஏற நேர்கோட்டில் குறையாமல், மிக வேகமாகச் சரிந்து விழுகிறது. ரசாயன மாற்றங்களுக்கெல்லாம் பொதுவான தன்மை இது. 1978ஆம் வருஷத்தில் பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த துவோ, எய்ஸா என்ற இருவர் வெளியிட்டு, இன்றளவும் எஞ்சினியர்கள் கையாண்டு வருகிற சூத்திரத்தில் மேற்சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால், அமுக்கம் ஒன்றாகவே இருக்கும்போது, அந்த அவகாசம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துபோகிறது. சுடருக்குக் கிடைத்திருந்த நேரத்தில் மூன்றிலொரு பங்கை வாசலில் இருந்த முப்பது டிகிரி அபகரித்துக்கொண்டது என்று பொருள். தட்டலின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு இது மிகப் பெரிய இழப்பு.

பெட்ரோலின் தரத்தை அளக்கிறவர்களே இதை நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தட்டலைத் தாங்கும் பெட்ரோலின் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணை நிர்ணயிக்கும் பரிசோதனை இரண்டு விதம். ஒன்றில், சோதனை எஞ்சின் 600 சுற்றில் ஓட, பொறி 13 பாகை முன்னதாக விடப்பட, உள்ளே செல்லும் காற்று 52 டிகிரிக்குச் சூடேற்றப்படுகிறது. மற்றொன்றில் எஞ்சின் 900 சுற்றில் ஓட, கலவையே 149 டிகிரி வரையில் சூடாக்கப்படுகிறது. ஒரே பெட்ரோல் முதற் பரிசோதனையில் பெறும் எண்ணைவிட இரண்டாவதில் எட்டுப் பத்து எண் குறைவாகப் பெறுவது சாதாரணம். இந்தியாவில் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோலுக்கு 91 என்று பல வருஷங்களாகக் குறிப்பிட்டுவந்தது முதற் பரிசோதனையின் எண். உங்கள் எஞ்சின் பெட்ரோலை எத்தனை சூட்டில் குடிக்கிறதோ, அதைப் பொறுத்தே அது தன் எண்ணுக்குரிய வலிமையோடு தட்டலைத் தாங்குமா, தாங்காதா என்பது அமையும்.

சூடான காற்றைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே திசையில் இழுப்பவை அல்ல. சூடான காற்று மெலிந்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ எடையுள்ளது. 50 டிகிரியில் அதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துபோகிறது. அந்த அளவுக்குப் பிராணவாயுவும், அதனால் எரிக்கத்தக்க பெட்ரோலும், அதனால் எஞ்சினின் வலிமையும் குறைகின்றன. மறுபுறம், சூடான கலவையில் சுடர் சற்று விரைவாகப் பரவுகிறது. விரைவாகப் பரவுவதைச் சற்றுத் தாமதமாகப் பற்றவைத்தாலும் போதும். குளிர்ந்த கலவையில் சுடர் சோம்பிப் பரவுவதால், முன்கூட்டியே பற்றவைப்பது அவசியமாகிறது. தட்டல் பயமும் குறைந்திருப்பதால் அப்படிச் செய்ய இடமும் இருக்கிறது. ஆகவே, குளிர்ந்த காற்றுக்குப் பொறியை முந்தச் செய்வதும் சூடான காற்றுக்குத் தாமதப்படுத்துவதும் தட்டலைத் தவிர்ப்பதற்காக மட்டும் ஏற்பட்ட ஏற்பாடல்ல. தீயின் இயல்பே அதைக் கேட்கிறது. ஆயினும் முதற் காரணம் தட்டல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பாரமின்றி மெல்ல ஓடும் எஞ்சினில், காற்று எவ்வளவு சூடானாலும், அமுக்கம் குறைவாயிருப்பதால் தட்டல் எழுவதில்லை. ஆதலால் நல்ல கம்ப்யூட்டர், உஷ்ணத்துக்கான திருத்தத்தைப் பாரம் மிகுந்தபோது முழுவதுமாகவும், பாரம் குறைந்தபோது சிறிதளவாகவும் பிரயோகிக்கிறது.

மாடல் டி காலத்துக்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் இந்தத் திருத்தம் அநேகமாக எந்த வண்டியிலும் இருக்கவில்லை. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சிறு எடைக் கற்கள் வேகம் கூடும்போது வெளியே விரிந்து பொறியை முந்தச் செய்தன; ரப்பர்த் தகடு பொருத்திய ஒரு டப்பி, எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தின் வலிமையைக் கொண்டு பாரத்தை அறிந்து, தன் பங்குக்கு மாற்றியது. இரண்டும் வியக்கத்தக்க சாமர்த்தியம் கொண்ட கருவிகள். ஆனால் மார்கழியா, சித்திரையா என்பது அவற்றுக்குத் தெரியாது. அக்காலத்து மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி டைமிங் வைக்கும்போது, வெயிலுக்கும் பாரத்துக்கும் மட்டரகப் பெட்ரோலுக்கும் இடம் விட்டு, ஓரிரு பாகை குறைத்தே வைப்பார். அந்த விவேகத்துக்காக அந்த எஞ்சின், காற்று குளிர்ந்திருந்த ஒவ்வொரு காலைப் பொழுதிலும், தன்னால் முடிந்ததைவிடக் குறைவாகவே உழைத்தது.

1977ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ காரில் முதன்முதலாக மைக்ரோபிராசஸர் ஒன்று பொறியின் தருணத்தை நிர்ணயிக்கத் தொடங்கிற்று. 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்த பாஷ் கம்பெனியின் மோட்ரானிக், பெட்ரோல் அளவையும் பொறியின் தருணத்தையும் ஒரே மூளையின் கீழ்க் கொண்டுவந்தது. அதன்பிறகே, பெட்ரோலை அளப்பதற்காக ஏற்கெனவே காற்றுக் குழாயில் வைத்திருந்த உஷ்ணமானி, பொறிக்கும் தன் சாட்சியத்தைச் சொல்லும் நிலை உண்டாயிற்று.

அந்த உஷ்ணமானி மிக எளிய பொருள். வெள்ளி சல்பைடு என்ற பொருளில், உலோகங்களுக்கு மாறாக, சூடேறச் சூடேற மின்சாரம் எளிதாகப் பாய்வதை 1833ஆம் வருஷத்தில் மைக்கேல் ஃபாரடே கவனித்தார். அதே குணமுள்ள ஆக்ஸைடுகளைச் சுட்டு மணியளவாகச் செய்ததே தெர்மிஸ்டர். கார்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை, 20 டிகிரியில் சுமார் 2500 ஓம் தடையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் தடையும் காட்டும். கம்ப்யூட்டர் 5 வோல்ட் மின்சாரத்தை ஒரு நிலையான தடையின் வழியே இதற்கு அனுப்பி, இடையில் நிற்கும் வோல்டேஜைப் படித்து உஷ்ணத்தை அறிகிறது. அறிந்தபின், தன் நினைவிலுள்ள அட்டவணையைப் பார்க்கிறது. அந்த அட்டவணை எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். அதன் சாயல் மட்டும் பொதுவானது. குளிரில் ஓரிரு பாகை முந்தல். நடுத்தர உஷ்ணத்தில் மாற்றம் ஏதுமில்லை. நாற்பது ஐம்பது டிகிரிக்கு மேல் போகப் போகப் படிப்படியாகத் தாமதம்.

எளிய கருவியாயினும், அதை எங்கே வைப்பது என்பதுதான் எஞ்சினியர்களுக்குத் தலைவேதனை தருகிற பிரச்சினை. நெடுந்தூரம் ஓடிய காரை நண்பகல் வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மீண்டும் கிளப்பினால், சிறிது தூரம் வரை அது சோர்ந்து, மிதித்த மிதிக்கு எழாமல் ஓடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஓடுகிற வண்டியில் காற்றும் தண்ணீரும் எஞ்சினின் வெப்பத்தை ஏந்திச் செல்கின்றன. நின்ற வண்டியில் அவ்வெப்பம் மேலே கிளம்பி, காற்றுக் குழாயையும் அதில் பதித்துள்ள தெர்மிஸ்டரையும் வேகவைக்கிறது. மீண்டும் கிளப்பும்போது வெளிக்காற்று 38 டிகிரியில் இருக்கலாம். பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் தெர்மிஸ்டரோ இன்னும் அறுபது, எழுபது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அந்த வார்த்தையை நம்பிப் பொறியைத் தாமதப்படுத்தும். இது முற்றிலும் பொய்ச் சாட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. காற்று மெல்ல ஊர்கிறபோது சூடான குழாய்ச் சுவர் அதை உண்மையாகவே சூடாக்குகிறது. மிதித்தவுடன் காற்று விரைந்து பாயும்போதோ, சுவரின் சூடு அதில் ஏறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே கற்றறிந்த வடிவமைப்பாளர்கள், தெர்மிஸ்டரின் சொல்லையும், எஞ்சின் தண்ணீரின் உஷ்ணத்தையும், பாய்கிற காற்றின் அளவையும் சேர்த்து எடைபோட்டு, சிலிண்டருக்குள் உண்மையில் என்ன உஷ்ணத்தில் காற்று நுழையும் என்று அனுமானிக்கும்படி நிரலை எழுதுகிறார்கள். சிலர் தெர்மிஸ்டரை எஞ்சினுக்கு எட்டத்தில், காற்று வடிகட்டியின் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். டர்போ உள்ள வண்டியில் அவ்விதம் செய்ய இயலாது. டர்போ அமுக்கி, இன்டர்கூலர் ஆற்றிய பிறகு காற்று என்ன உஷ்ணத்தில் வருகிறது என்பதே அங்கு தெரியவேண்டிய செய்தி.

சிலிண்டர்ச் சுவரில் காது வைத்துக் கேட்பது போல, தட்டலின் அதிர்வை உணரும் நாக் சென்சார் என்ற கருவியும் இன்றைய கார்களில் இருக்கிறதே, தட்டல் கேட்டவுடன் பொறியைத் தாமதப்படுத்திக் கொள்ளலாமே, காற்றின் உஷ்ணத்தைக் கேட்டு என்ன ஆகவேண்டும் என்று ஒருவர் வினவலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நாக் சென்சார் நடந்துவிட்ட கெடுதலை அறிவிப்பது. தெர்மிஸ்டர் வரப்போவதை அறிவிப்பது. ஒவ்வொரு வெப்பமான பிற்பகலிலும் எஞ்சின் தட்டித் தட்டியே தன் எல்லையைக் கண்டுபிடித்துக்கொள்ள விடுவதைவிட, எல்லைக்கு அருகே போகாமலே அதை ஓட்டிச்செல்வது மேல் என்பதே என் அபிப்பிராயம். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் நாக் சென்சார் கிடையவே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சிறிய தெர்மிஸ்டரின் பொறுப்பு எத்தகையது என்பது விளங்கும்.

பொறியைத் தாமதப்படுத்தினால் தட்டல் ஏன் அடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீயின் உச்ச அமுக்கம், பிஸ்டன் இன்னும் சற்றுக் கீழே இறங்கிய பிறகு, விரிந்த இடத்தில், குறைந்த அளவில் ஏற்படுகிறது. கடைசிப் பங்கு முன்போல நெருக்குண்டு சூடேறுவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை, நழுவிப்போன வேலை. சிறந்த தருணத்திலிருந்து ஐந்து பாகை விலகினால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே குறையும். விலக விலக இழப்பு மடங்காகப் பெருகும். வேலையாக மாறாத வெப்பம் புகையோடு வெளியேறி, எக்ஸாஸ்ட் வால்வையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும், டர்போ இருந்தால் அதையும் வாட்டும். ஆகவே தாமதம் என்பது மருந்துதான், ஆகாரமல்ல. காற்றைக் குளிர்ச்சியாகக் கொடுக்க முடியுமானால் அதுவே முதல் தரமான பரிகாரம். தாமதப்படுத்துவது அது கைகூடாதபோது மேற்கொள்ளும் இரண்டாம் வழி.

யுத்த காலத்து விமான எஞ்சின்களை வடித்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1942ஆம் வருஷத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு வந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61 எஞ்சினில், உயரத்தில் மெலிந்துபோகும் காற்றை ஈடுசெய்ய அதை இரண்டு கட்டங்களாக அமுக்கினார்கள். இரண்டு கட்டம் அமுக்கிய காற்று மிகுந்த சூட்டோடு வந்ததால், அதை அப்படியே சிலிண்டருக்கு அனுப்பாமல், தண்ணீர் ஓடும் ஒரு குளிர்விப்பானின் வழியே செலுத்தி ஆற்றி அனுப்பினார்கள். பாரத்தையும் பருமனையும் எண்ணி எண்ணிக் குறைக்க வேண்டிய போர் விமானத்தில், காற்றை ஆற்றுவதற்கென்றே ஒரு ரேடியேட்டரைச் சுமக்கத் துணிந்தார்கள் என்றால், அதன் முக்கியத்துவத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். வேறு சில விமான எஞ்சின்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து காற்றோடு பீச்சினார்கள். அது ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டது. பெட்ரோலே ஆவியாகிக் காற்றைச் சில பத்து டிகிரி ஆற்றக்கூடியது; எத்தனாலுக்கு அந்தச் சக்தி அதைவிடப் பன்மடங்கு. இப்போது இந்தியாவில் பெட்ரோலோடு நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலப்பதனால் மைலேஜ் குறைகிறது என்ற குறை உண்மையானதே. தட்டலை அடக்குவதில் அது துணைசெய்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

2020ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தது முதல், நம் ஊர்ப் புதிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் கார்புரேட்டரைத் துறந்து பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதனால், வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் தகிக்கும் சாலையில் ஊர்ந்து செல்லும் சாதாரண வண்டிக்குள்ளும், காற்றின் உஷ்ணத்தை அளந்து பொறியின் தருணத்தை மாற்றும் இந்த ஏற்பாடு வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. அதைக் காக்க வண்டிக்காரர் செய்யவேண்டியவை சிலவே. காற்று வடிகட்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் கழன்றிருந்தால், எஞ்சினின் அனலையே எஞ்சின் மறுபடியும் குடிக்கும். சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அந்தக் குழாய் தன் இடத்தில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கம்பீரமான சத்தம் தருகிறது என்பதற்காக வடிகட்டிப் பெட்டியையே எடுத்துவிட்டு, எஞ்சினுக்கு நேர் மேலே திறந்த வடிகட்டி பொருத்துவதும் இதே கெடுதலைச் செய்யும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வண்டியின் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் சில மலிவான சாதனங்கள், பிரித்துப் பார்த்தால், இரண்டு கம்பிகளும் ஒரு ரெஸிஸ்டரும் தவிர வேறல்ல. தெர்மிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த ரெஸிஸ்டரை இணைத்தால், கம்ப்யூட்டருக்குக் காற்று எப்போதும் குளிர்ந்தே தோன்றும். அது பெட்ரோலைக் கூட்டும், பொறியை முந்தச் செய்யும். குளிர்ந்த காலையில் வண்டி சற்றுத் துடிப்பாக ஓடுவது போலவும் இருக்கலாம். வெயில் ஏறி, பாரமும் ஏறி, மேட்டில் இழுக்கும் ஒரு நாளில், காற்று உண்மையில் அறுபது டிகிரியில் நுழைந்துகொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் மட்டும் அதை இருபது என்று எண்ணிப் பொறியை விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பொய்யின் கணக்கைத் தீர்க்க வேண்டியது பிஸ்டன். வாசகர்கள் தயவுசெய்து அத்தகைய சாதனங்களை வாங்கவேண்டாம். ஏற்கெனவே யாராவது உங்கள் வண்டியில் பொருத்தியிருந்தால், அடுத்த வெயில் காலத்துக்கு முன்னரே கழற்றி எறிந்துவிட்டு, பழைய தெர்மிஸ்டரை அதன் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.